இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர்

…இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர், ஒன்பது நிமிடம், எப்படிப் போட்டாலும் கணக்கு இடிக்கிறது, மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகம், சைக்கிளில் போகிறவன்கூட அதைவிட வேகமாக மிதிப்பான், ஆனால் என் பிக்கப்பின் முள் நூற்றுப் பத்தில் நின்றதை நானே பார்த்தேன், இன்ஜின் கதறியது இன்னும் காதில் இருக்கிறது… போன சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகையின் இரண்டாம் நாள், மதியம் மூன்று பன்னிரண்டுக்கு வயர்லெஸ்ஸில் விபத்து அழைப்பு, மூன்று இருபத்தொன்றுக்கு அந்தப் பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டேன். மீட்புத் தொண்டர்கள் நாங்கள் இருவரும் நின்றிருந்தது நெடுஞ்சாலையின் 214ஆம் கிலோமீட்டர் கல்லில், பெட்ரோல் பங்கில். அவள் கிடந்தது 211.6இல். மீட்புச் சங்கத்தின் அறிக்கைத் தாளில் கட்டமிட்டுக் கேட்பது அந்த இரண்டு எண்களைத்தான், கழித்துப் பார்த்தால் இரண்டு புள்ளி நான்கு, ஒரு வருடமாகக் கழித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் பெயர் உரைவன், பண்டிகையில் கன்னத்தில் பூசிவிட்ட மாவு காயாமல் இருந்தது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நேரமாகும்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க அண்ணே" என்றாள். மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி ரத்தத்தைக் கட்டியிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தை எங்கே விட்டேன்?

வண்டிதான், வேறென்ன, பதினாறு வருடத்துப் பிக்கப், அதனால்தான் இந்த ஷோரூமில் உட்கார்ந்திருக்கிறேன், பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள், இருப்பில் இரண்டே மின்சாரக் கார்கள், பெரிய பாட்டரி ரகம் ஒன்று, வேக ரகம் ஒன்று. ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் இரண்டில் எது மிஞ்சினாலும் போதும் என்று பிட்சனுலோக்கிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருக்கிறாராம், விற்பனைப் பெண் பிம் நாலாவது தடவையாகச் சொல்கிறாள். எனக்கு ஏசி பழுதுபார்க்கும் தொழில், மோட்டார் எனக்குப் புதிதில்லை, செம்புச் சுருள், காந்தம், அவ்வளவுதான். இன்ஜின் மூச்சுப் பிடித்து வேகமெடுக்க வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்த கணமே முழு இழுப்பும் வந்துவிடும். வேக ரகத்தில் அப்படி இரண்டு மோட்டார், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதற்கு இடம்விட்டுப் பாட்டரியைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், ஐம்பத்தெட்டு யூனிட். பாட்டரி ரகத்தில் ஒரே மோட்டார், தரை முழுக்கப் பாட்டரி, எண்பத்தைந்து யூனிட். தூரமா, வேகமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சாகக் கிடக்கும் ஒருத்தியிடம் போகிறவனுக்குத் தூரம் எதற்கு… ஆனால் என் மனைவி ரத்சனி காலையில் சொன்னது குத்துகிறது: "வேகம் வேணும்னா ராக்கெட் வாங்குங்க. அதுல கேஸ் சிலிண்டரை ஏத்திக்கிட்டு வேலைக்குப் போக முடியுமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க." சிரிக்கத்தான் சொன்னாள், நான் சிரிக்கவில்லை. இந்த வருடமும் யாராவது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குச் செய்தி சொன்னால், அதற்குப் பிறகு நான் மீட்புத் தொண்டனின் அந்தப் பச்சை உடுப்பைப் போட மாட்டேன், எனக்குத் தெரியும், எதற்குமே உதவாதவனாக ஆகிவிடுவேன்.

"ஓட்டிப் பாருங்கண்ணே, மிதிச்சா முதுகு சீட்டுல ஒட்டிக்கும். போன வாரம் ஒருத்தர் மிதிச்சாரு, பக்கத்துல இருந்த அவர் சம்சாரம் பால் டீயை மூஞ்சியில கொட்டிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் பேசிக்காமலே வீட்டுக்குப் போனாங்க" என்றாள் பிம். ஷோரூம் கண்ணாடி வழியாகச் சாலையின் எதிர்ப்புறம், பின்பக்கமாக எண்ணூறு மீட்டரில், மின்னேற்றும் நிலையத்தின் நீலப் பலகை தெரிந்தது. அதுவரை போகலாம் என்றேன், போனில் நேரம் பார்க்கிறேன், இரண்டு வண்டியிலும். வேக ரகத்தில் மிதித்தேன், உண்மைதான், வயிறு பின்னால் தங்கிவிட்டது, நெஞ்சில் ஒரு நம்பிக்கை பாய்ந்தது, இதுதான், இதுதான்… பலகையடியில் நிறுத்திப் பார்த்தால் ஆறு நிமிடம் நாற்பது விநாடி. திரும்பி வந்து பாட்டரி ரகம், ஆறு நிமிடம் ஐம்பத்தைந்து. வெறும் பதினைந்து விநாடி. இரண்டு மோட்டார் சேர்ந்து எனக்குக் கொடுத்தது பதினைந்து விநாடி, எனக்கு வேண்டியது ஐந்து நிமிடம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், இதற்குமேல் வேகமான வண்டி எந்தக் கடையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற எண்ணூறு மீட்டருக்கு ஏழு நிமிடமா, இந்த ஊர்ச் சாலைக்கு என்ன பிடித்திருக்கிறது?

"என்னண்ணே, வண்டி பிடிக்கலையா?" என்றாள். எண்ணூறு மீட்டருக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டேன், அவள் என்னை வெயில் தலைக்கேறியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்கண்ணே எண்ணூறு மீட்டர்? யூ டர்ன் அங்க மேல இருக்கு, போய்த்தானே திரும்பணும். ரோட்டு நடுச்சுவரைத் தாண்டிக் குதிக்கிற ரகம் இன்னும் வரல." திரையில் ஓடிய தூரம் இருந்தது, ஏழு புள்ளி இரண்டு கிலோமீட்டர். நான் அந்த எண்ணையே பார்த்தேன். இந்தச் சாலையில் பிறந்து வளர்ந்தவன், எதிர்ப்பக்கம் போக முதலில் முன்னால் போகவேண்டும் என்பது மூச்சு விடுவதுபோல, யாரும் அதை எண்ணுவதில்லை, நானும் எண்ணவில்லை… எண்ணினால்? எங்கள் பங்க் வடக்கே போகும் பக்கம். உரைவன் கிடந்தது தெற்கே போகும் பக்கம், எனக்குப் பின்னால். நான் வடக்கே மிதித்தேன், 217ஆம் கல் திரும்புமிடம் வரை மூன்று கிலோமீட்டர், அங்கே திரும்பக் காத்திருந்த பண்டிகை வண்டிகளின் வரிசையில் நின்றேன், பிறகு தெற்கே ஐந்து புள்ளி நான்கு. மொத்தம் எட்டரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு சரியாகிவிட்டது. அவள் ரத்தம் சாலையில் ஓடிக்கொண்டிருக்க, நான் சைரன் போட்டு, நூற்றுப் பத்தில், முதலில் அவளை விட்டு விலகிப் போயிருக்கிறேன். அந்தப் பங்கை ஏன் தேர்ந்தெடுத்தோம்? நிழல், கழிப்பறை, ஐஸ் காபி. நானும் கிரைசோனும் எப்போதும் ஒரே இடத்தில், இரண்டு வண்டியையும் ஒட்டி நிறுத்தி அரட்டை.

கிரைசோனுக்குப் போன் போட்டேன். அவனும் என்னைப் போலத் தொண்டன், என் பக்கத்து நாற்காலி. அன்று போன வழியையும், இனி ஆளுக்கொரு திரும்புமிடத்தில் பிரிந்து நிற்கலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன், அவன் காபியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "214ல காபி கிடைக்கும். 217ல என்னடா கிடைக்கும், பாம்பா?" என்றான். பிறகு, "நானும்தானேடா உன் பின்னாடியே வடக்க வந்தேன்" என்றான். தெற்கே அடுத்த திரும்புமிடமான 209இல் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு, 217இல் வெறும் சிமெண்டுத் தரை, சித்திரை வெயிலில் நாற்பது டிகிரி. அங்கே ஒருவன் நாள் முழுக்க நிற்க வேண்டுமானால் கண்ணாடியை ஏற்றி ஏசி ஓட வேண்டும், மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்குப் பதினைந்து, அது போக ஓட்டம், பண்டிகையில் மின்னேற்றும் நிலையங்களில் மூன்று மணி நேர வரிசை, எண்பத்தைந்து யூனிட் இருந்தால் இரண்டு நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிம் படிவத்தோடு நின்றாள், பாட்டரி ரகம் என்றேன். உரைவனின் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா, சொன்னால் எதைச் சொல்வது, தெரியவில்லை… கிரைசோன் 209இன் திரும்புமிடத்தில் வடக்கே பார்த்து நிற்பான். நான் 217இல் தெற்கே பார்த்து நிற்பேன். இடையில் எந்தப் பக்கம் விபத்து நடந்தாலும் எங்களில் ஒருவன் நேராகப் போவான், அதிகபட்சம் எட்டு கிலோமீட்டர், வழியில் எங்கும் திரும்ப வேண்டியதில்லை.