பச்சைதானே அண்ணாச்சி?

பாஜிலாவுக்கு ஒன்பது வயதில் பார்வை போய்விட்டது. நிறங்கள் போகவில்லை. அதிலும் பச்சை, நேற்றுப் பார்த்தது போல மனதில் நின்றது. நிக்காஹுக்குப் பச்சைச் சேலைதான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். நிக்காஹுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனாலும் உம்மா அலிமா பீவிக்குப் பொறுக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஜாரில் நல்லகண்ணு அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு வந்துவிட்டாள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். ஒரே ஒரு வியாதிதான். வந்தவர்கள் எதைச் சொன்னாலும் "ஆமா" என்பார். யாராவது குற்றாலத் துண்டைத் தூக்கி இது பட்டுதானே என்றால் அதற்கும் ஆமா போடுவார். வியாபாரமும் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தாட்டி, நீ கேட்ட பச்சை. ஜரிகை எப்படி மின்னுது தெரியுமா!" என்று உம்மா ஒரு சேலையை மகளின் மடியில் விரித்தாள். "என்ன அண்ணாச்சி, நல்ல பச்சைதானே?"

"ஆமாக்கா. அசல் பச்சை."

பாஜிலா தடவிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு வருஷம் மனு மேல் மனு போட்டு, முகாம் முகாமாக அலைந்து வாங்கிய போன் அது. கடிதம் வாசிக்கும், பஸ்ஸின் போர்டைச் சொல்லும், நிறத்தையும் சொல்லும். அதைச் சேலைக்கு மேலே பிடித்தாள்.

"நீலம்" என்றது போன்.

உம்மாவுக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியாதது இதுக்குத் தெரியப்போவுதாக்கும்? பெத்தவ சொல்லுதேன், பச்சை!"

"கடை லைட்டுக்கு அப்படித்தான் சொல்லும் தாயி" என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்போ வெளிய கொண்டு போவோம்."

சேலை எடுக்க வந்தவர்களில் யார்தான் வாசல் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் எடுக்கிறார்கள்? அந்த உரிமை தன் போனுக்கும் உண்டு என்பது பாஜிலாவின் கட்சி. வாசலுக்கு வந்து, வெயில் சுள்ளென்று படுகிற இடமாகப் பார்த்துச் சேலையை நீட்டினாள்.

"நீலம்." போன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அண்ணாச்சி, உங்க சங்கரநாராயணர் சாமிக்குப் பொதுவா சொல்லுங்க. என்ன கலரு?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நீலந்தான் தாயி. அக்கா பச்சைன்னு சொன்னாவ, நானும் சரின்னுட்டேன்."

இவளுக்கு எதுவானால் என்ன என்று நினைக்கிறவர்களைப் பாஜிலா நிறையப் பார்த்திருக்கிறாள். உம்மாவுமா?

"கண்ணு தெரியாதவதான, எதையாவது கட்டிட்டுப் போறான்னு நினைச்சிட்டீங்களா உம்மா?"

உம்மாவின் கை அவள் தோளைப் பிடித்தது.

"எனக்குப் பச்சையாத்தான்ட்டி தெரியுது. ஒரு வருஷமா எல்லாம் மங்கல். ஊசில நூல் கோக்க முடியல. கண்ணுல புரைதான்னு எனக்கே தெரியும். வெளிய சொன்னா, அந்தக் குடும்பத்துக்கே கண்ணு ஆவாதும்பாங்க. சம்பந்தம் கலைஞ்சிருமோன்னு பயந்து வாயைத் தொறக்கல."

கோபம் போன இடம் தெரியவில்லை. பாஜிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்புதான் முந்தியது.

"நல்ல ஆளு உம்மா நீங்க! ஒரு வருஷமா என்கிட்டயே மறைச்சிட்டீங்களே. வயசானா எல்லாருக்கும் வாற புரைக்கா சம்பந்தம் கலையும்? நாளைக்குக் காலையில முதல் வேலை கண்ணாஸ்பத்திரி."

"அப்போ சேலை?"

"ஆபரேஷன் முடியட்டும், வந்து எடுப்போம். பச்சையா நீலமான்னு போனு சொல்லிரும். நிக்காஹ் அன்னைக்கு நான் எப்படி இருக்கேன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுதேன்ட்டி மக்கா" என்றாள். "கண்ணு நெறைய பாத்துச் சொல்லுதேன்."