பூசை போட்ட வீடியோ கேம்

என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷின் பார்த்தவர். தொண்ணூற்று நாலில், விடியலில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை சின்னத்தம்பியின் முகத்துக்கு நேரே, "இனி ஒங்க பெரட்டுக் களத்துல கால வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டார். எதற்கு? நோர்வூட் கடைவீதியில் வீடியோ கேம் கடை போட. சேர்த்து வைத்த பணமும் என் தோடும் அதோடு போயின.

ஹட்டனில் ரேடியோ திருத்தும் ஸுஹைர் நானாதான் அந்தப் பழைய பெட்டியை விற்றார். திரையில் இரண்டு கோடு, நடுவில் பந்தாக ஓடும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான்.

"எல்லா கேமுக்கும் இதுதான் தங்கச்சி மூத்தது. அமெரிக்காவுல மொதல்ல ஒரு சாராயக் கடையிலதான் வச்சாங்களாம். ஒரு நாள் மெஷின் நின்னுபோச்சாம். தொறந்து பாத்தா காசு நெறஞ்சு அடச்சிருந்திச்சாம்" என்றார். தண்ணி மட்டும் படக்கூடாது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் காதில் காசு மட்டும்தான் விழுந்தது. அந்தக் கதையைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார்.

ஆயுத பூசையன்று திறப்பு. வயிறெரியட்டும் என்றே சின்னத்தம்பியை வலியப் போய் அழைத்திருந்தார். பெட்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார். பிறகு, ஃபெக்டரியில் வருசா வருசம் செய்த பழக்கத்தில், மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் முதுகு ஓட்டைகளுக்குள் தண்ணீர் இறங்கியது.

பின்னாலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து எல்லோரும் கும்பிட்டோம். சிலர் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வயர் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் திரை செத்துப்போனதைப் பார்த்தோம்.

"என்ன மூர்த்தி, காசு நெறஞ்சு அடச்சிருச்சா?" என்றார் சின்னத்தம்பி, எங்கள் சுண்டலை மென்றபடி.

கடையே சிரித்தது. இவர் மாவிலையும் கையுமாக நின்றார். எனக்கு மானம் போயிற்று. அந்த ஆள் கையிலிருந்த சுண்டலைத் தட்டிவிடலாமா என்றிருந்தது.

பெட்டி பிழைக்காது என்று ஸுஹைர் நானா கைவிரித்தார். திங்கட்கிழமை விடியலில் நான் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்குப் போனபோது, இவரும் வேலை கேட்டுப் பின்னாலேயே வந்தார். ஆண்கள் வரிசையில் கடைசியாக நின்றார். ஃபெக்டரியில் இடமில்லையாம், மண்வெட்டி வேலைதானாம்.

சின்னத்தம்பி நிமிராமலே கேட்டார்: "பேரு?"

இவரோடு கூடவே வளர்ந்த மனுசன், பேர் தெரியாதா!

"கணேசமூர்த்திங்க."

"சத்தமாச் சொல்லு."

களம் முழுக்கக் கேட்கும்படி இவர் இன்னொரு தரம் சொன்னார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. இந்த மனுசன் கடையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்று மாரியம்மனிடம் நேர்ந்தவள் நான். இப்படிக் கூட்டிவரச் சொல்லவில்லையே, தாயே.