நுரைக்க மறுத்த வெள்ளைக்கரு

செவ்வாய்க்கிழமை மேகம் மாதிரி பொங்கி நின்ற முட்டை வெள்ளைக்கரு, புதன்கிழமை கஞ்சித் தண்ணீர் போலக் கிடந்தது. அதே கடை முட்டை, அதே சர்க்கரை, அதே எவர்சில்வர் கிண்ணம், அதே முட்டை அடிக்கும் பீட்டர். இருபது நிமிஷம் அடித்தும் மேலே நாலு குமிழிதான் வந்தது. அதுவும் கேக்கம்மாவின் முகத்தைப் பார்த்த பயத்தில் உடைந்துபோயிற்று.

"மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்திருக்கும்க்கா," என்றாள் தங்கை.

"எனக்கா? பதினோரு வருஷமா முட்டை உடைக்கிறேன்டி."

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள் அவள். தெருவுக்கே கேக்கம்மா. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். இந்த மாதம்தான் கேக்கம்மா மெரிங் செய்யத் தொடங்கியிருந்தாள். வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் காயவைத்து எடுக்கிற மொறுமொறுப்பான இனிப்பு அது. மூன்று தெரு தள்ளியிருந்த காபிக்கடைக்காரர் சனிக்கிழமை காலை ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வார். அவள் கைப்பண்டம் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார இதுதான் முதல் வாய்ப்பு.

வியாழக்கிழமையும் நுரைக்கவில்லை. கேக்கம்மாவின் பார்வை முட்டையை விட்டு, சர்க்கரையை விட்டு, மெல்ல நகர்ந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே போய் நின்றது. அங்கே ஆணியில் ஒரு பீர்க்கங்காய் நார் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க நார் வந்த நாள்லேர்ந்துதாங்க ஒருநாள் நுரைக்கறதும் மறுநாள் நுரைக்காததுமா இந்தக் கூத்து," என்றாள், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம்.

அந்த நாரை அவன் சும்மா வாங்கி வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. அதை இறைக்கிற சின்ன பம்பின் வாயைப் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ அடைத்திருந்தது. கையில் எடுத்துப் பிழிந்தபோதுதான் தெரிந்தது, எல்லாம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் துணுக்குகள். சமையலறைச் சாக்கடைக் குழாயில் இருந்த விரிசல் வழியாக வந்தவை. விரிசல் விட்டு ஆறு வருஷம் இருக்கும் என்றார் காவலாளி. துணுக்குகளின் நிறம்கூட மங்கவில்லை. தேயத் தேய ஸ்பாஞ்சு சிறுத்துக்கொண்டே போகிறதே, அந்த மீதி எங்கே போகிறது என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை. வீட்டில் பாத்திரம் கழுவுவது அவன் வேலை. அதனால் எதைக்கொண்டு கழுவுவது என்பதும் தன் இஷ்டம் என்று வாதாடி, ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு நாரை மாட்டியிருந்தான்.

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் குடு. நாரா இல்லையான்னு பாத்துடலாம்," என்றான்.

எப்போதும் நிற்கிற லிஃப்டைச் சரிசெய்துவிடலாம். சில நாள் மட்டும் நிற்கிற லிஃப்ட் இருக்கிறதே, அது மெக்கானிக்கைப் பார்த்ததும் சமர்த்தாக ஓடிக் காட்டும். அதைப் பிடிக்க ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அவன் ஒரே அளவில் இரண்டு கிண்ணங்களை எடுத்தான். இரண்டையும், பீட்டரின் கம்பிகளையும் கொதிநீர் விட்டு, வெறும் கையால் சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு ஒன்றை மட்டும் ஈர நாரால் ஒரு சுற்றுத் தேய்த்து அலசினான். நாலு முட்டையின் வெள்ளைக்கருவை ஒன்றாகக் கலந்து, பாதிப் பாதியாக இரண்டிலும் ஊற்றினான். எது எந்தக் கிண்ணம் என்று தெரியாமல் மச்சினி அடித்தாள்.

ஒன்று மூன்று நிமிஷத்தில் விறைத்து நின்றது. மற்றது அசையவில்லை.

"எது அத்தான் நாரு?"

அவன் அசையாத கிண்ணத்தைக் காட்டினான். ஒரு நொடி மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் சனிக்கிழமை காபிக்கடைக்குப் போகிற தட்டு அவனுடையது இல்லை, கேக்கம்மாவுடையது.

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் மச்சினி.

கேக்கம்மா மேல் அலமாரியைத் திறந்து, மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பிரிக்காத ஸ்பாஞ்சு பாக்கெட்டை எடுத்தாள்.

"இதை எப்ப வாங்கின?"

"நீங்க நாரு வாங்கின மறுநாள்."

மச்சினி சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மெக்கானிக் நாரை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொதிநீரை ஊற்றினான். "தப்பு பண்ணுதுன்னு தெரிஞ்சுபோச்சு. என்ன பண்ணுதுன்னு தெரிய வேணாமா?"

கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் மஞ்சளாக, குட்டிக் குட்டிக் கண்கள் போல எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. மச்சினி விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். "வெண்ணெய்."

இப்போது கேக்கம்மாவுக்கே விஷயம் விளங்கத் தொடங்கியது. வெள்ளைக்கருவை அடிக்கும்போது, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இழைகள் பிரிந்து, ஒன்றோடொன்று கைகோத்துக் காற்றுக்குமிழியைச் சுற்றி வலை பின்னுகின்றன. நடுவில் துளிக் கொழுப்பு புகுந்தாலும் கைகோக்க விடாது. வலை அறுந்தால் காற்று தங்காது. மெரிங்குக்கு மஞ்சள்கரு ஒரு சொட்டும் விழக்கூடாது என்பதற்கும் காரணம் அதுதான்.

"ஞாயித்துக்கிழமை பழசைப் போட்டுட்டு, வாங்கின பீர்க்கங்காய்க் கூட்டுலேர்ந்து புது நார்த் துண்டு வெட்டினேன். திங்கக்கிழமை உனக்கு வெண்ணெய் வேலையே இல்ல. அதான் செவ்வாய்க்கிழமை நுரைச்சுது. அன்னிக்கு மத்தியானம்?"

"ரெண்டு வெண்ணெய் கேக்."

"அந்தத் தட்டைத் தேய்ச்ச நாராலதான் கிண்ணத்தையும் தேய்ச்சேன்."

"சரிங்க, புரிஞ்சுது. நார் வெண்ணெயைக் குடிக்குது. ஸ்பாஞ்சுக்கே போயிடலாம்."

"போலாம். அதையும் ஒருதரம் பாத்துட்டுப் போலாம்."

மச்சினி பாக்கெட்டைப் பிரித்தாள். அன்று சுட்ட கேக்கின் தட்டு தொட்டியில் கிடந்தது. புத்தம் புது ஸ்பாஞ்சால் முதலில் அந்தத் தட்டு, அப்புறம் கிண்ணம் என்று வழக்கம்போலக் கழுவினாள்; பீட்டரை மட்டும் கொதிநீரில் அலசினாள். வெள்ளைக்கருவை ஊற்றி அடித்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கஞ்சித் தண்ணீர்.

மச்சினி பீட்டரைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவ்ளோ வருஷமா ஏன் எந்தக் குறையும் இல்ல?" என்றாள் கேக்கம்மா.

"இவ்ளோ வருஷமா நீ மெரிங் செஞ்சியா?" மெக்கானிக் நெற்றியில் தட்டிக்கொண்டான். "நாரும் மெரிங்கும் ஒரே மாசத்துல வீட்டுக்குள்ள வந்துச்சு. ரெண்டை ஒண்ணா மாத்திட்டு ஒண்ணு மேல பழி. எங்கிட்ட வேலை கத்துக்கிறவன் இதைச் செஞ்சா காதைத் திருகுவேன்."

"உங்க காதை யாரு திருகறது அத்தான்?"

"அதுக்கு நான் இருக்கேன்," என்றாள் கேக்கம்மா. அந்த வாரத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஆக, எதைக்கொண்டு தேய்ப்பது என்பதோடு, எதற்கு எதை என்றும் பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மெக்கானிக் மரப்பிடி போட்ட ஒரு பிரஷ் வாங்கி வந்தான். கரடுமுரடான செடிநார் குச்சங்கள் அதில் தனித்தனியாக, விறைப்பாக நின்றன. நாருக்குள் போல இதற்குள் வெண்ணெய் ஒளிந்துகொள்ள அறைகள் இல்லை. சுடுதண்ணீர் ஊடே ஓடி அடித்துக்கொண்டு போய்விடும். தன் பழைய பருத்திச் சட்டை ஒன்றையும் கிழித்துத் துண்டுபோட்டான். தட்டு சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிட்டால், பிரஷ்ஷுக்கு மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். சாக்கடைக்கும் அத்தனை வெண்ணெய் போகாது.

"அந்தச் சட்டை நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் கேக்கம்மா.

"நான் அதைப் போட்டா எங்கூட வெளிய வரமாட்டேன்னு நீதானே சொன்ன."

சோதனைக்கென்றே அவள் அன்று ஒரு வெண்ணெய் கேக் சுட்டாள். தட்டைத் துணியால் துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்தார்கள். கிண்ணத்துக்குப் புதிதாக வெட்டிய தனி நார். வெள்ளைக்கருவை ஊற்றி அடித்தாள். நாலாவது நிமிஷம் பீட்டரைத் தூக்கினாள். நுரை கூர்கூராக நின்றது. கிண்ணத்தை எடுத்து அப்படியே புருஷன் தலைக்கு மேலே கவிழ்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரு சொட்டு விழவில்லை.

சனிக்கிழமை காலை காபிக்கடைக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். உடனே இன்னொன்றை எடுத்தார். அதுவும் தீர்ந்த பிறகு, "அடுத்த வாரம் ரெண்டு தட்டு கொண்டாங்கம்மா," என்றார்.

அந்த வீட்டில் இப்போது பாத்திரம் கழுவுவது இப்படித்தான்: முதலில் வெள்ளைக்கருக் கிண்ணம், அதற்கென்றே வைத்த பீர்க்கங்காய் நாராலும் சோப்புக்கட்டியாலும், அந்த நார் வேறு எதையும் தொடுவதில்லை, வாரம் ஒருமுறை கொதிநீரில் கிடந்து எழுகிறது. கடைசியில் வெண்ணெய்த் தட்டுகள், சூட்டோடு பழந்துணியால் துடைத்து, பிறகு சுடுதண்ணீரும் மரப் பிரஷ்ஷும். நாருக்கு ஜன்னல் பக்கம் ஒரு ஆணி, பிரஷ்ஷுக்குத் தொட்டிப் பக்கம் ஒரு ஆணி. வெள்ளைக்கரு எல்லா நாளும் நுரைக்கிறது.