எழும்பாத தடிப்பு

வளர்மதிக்கு நெல் தூசி ஆகவில்லை என்று மாமியார்தான் முதலில் சொன்னாள். பெருநகர் என்ற நெல் விளையும் கிராமத்தில் வாக்கப்பட்டவளுக்கு நெல் ஆகாது என்றால் வேறு என்ன ஆகும். அறுப்பு மெஷின் வயலில் இறங்கினால் முதலில் தும்மல், மூக்கொழுகல். பொழுது சாய்வதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். போன அறுவடையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, உத்திரமேரூரில் அம்மா வீட்டோடு தங்கிவிட்டாள். புருஷன் தினேஷ்குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து, தூசி படாத சட்டை போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவான், விருந்தாளி மாதிரி.

"கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஏதோ ஒரு தூசியைக் கிருமின்னு நினைச்சுக்கிச்சும்மா. மூக்குல ஆரம்பிச்ச சண்டை நுரையீரலுக்கு இறங்கிடுச்சு. எந்தத் தூசின்னு டெஸ்ட்ல தெரியும்" என்றிருந்தார் செங்கல்பட்டு டாக்டர். ஒரு வாரம் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்; போட்டால் டெஸ்ட்ல சரியாகக் காட்டாது என்றார்.

நிறுத்தினாள். டெஸ்ட் அன்று காலையில் ஒன்றை விழுங்கினாள். நெல் மேல் குற்றம் விழக்கூடாது. நாய், கரப்பான், பஞ்சு, எதன் மேல் விழுந்தாலும் சரி. அவற்றை விட்டு வாழலாம்.

முன்னங்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்தினார்கள். ஆகாதது எதுவோ அந்த இடம் தடிக்கும் என்றாள் நர்ஸ். அவளும் கூட வந்திருந்த தினேஷ்குமாரும் காத்திருந்தார்கள். கை வழவழவென்று கிடந்தது.

"இன்னாடி, ஒண்ணுமே எழும்பல?"

"நெல்லு ஒண்ணும் பண்ல மாமா. நாந்தான் சொன்னேனே."

"அப்ப வூட்டுக்கு வந்துடறியா?" கேட்டுவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் வந்து கடைசிச் சொட்டைத் தொட்டார். "இது யாருக்குப் போட்டாலும் தடிக்கும். உங்களுக்கு இதுவும் தடிக்கல. மாத்திரை போட்டீங்களா?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொரு வாரம் கழித்து, மாத்திரை இல்லாமல் வரச் சொன்னார்.

பஸ்ஸில் அவன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "திருடறவ ஒயுங்கா திருட வேணாவா" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை கை உண்மையைச் சொல்லிவிடும்.

உத்திரமேரூரில் இறங்கினார்கள். பெருநகர் பஸ் நின்றிருந்தது. அவன் ஏறி உட்கார, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறங்குடி. ஊர்ல அறுப்பு நடந்துக்கினு கீது."

"மூச்சு பம்பு பையில கீது. ஒரு ராத்திரி. காலையில கொண்டாந்து உட்டுடு."

"முட்டிக்கினா?"

"முட்டட்டும்."

கண்டக்டர் வந்து நின்றார். தினேஷ்குமார் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே இருந்தான். அவள்தான் சொன்னாள்: "பெருநகர், ரெண்டு."