விளக்கு எரியும் பெட்டி

எங்கள் பாட்டுக் குழுவில் கிதார் வாசிப்பவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். குழுத் தலைவரின் தங்கையைக் கட்டியவர். அந்தத் தங்கைதான் எங்கள் பாடகி. தலைவர் டிரம்ஸ். நான் மேடைக்கு எதிரே, சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் முன்னால் உட்காரும் சவுண்டுக்காரன். யாருக்குக் கேட்காவிட்டாலும் திட்டு எனக்கு.

மாப்பிள்ளையிடம் ஒரு பலகை நிறைய, காலால் மிதிக்கும் பெடல்கள் இருந்தன. சத்தத்தைக் கரகரப்பாக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் குட்டி ஒயர்களால் கோத்திருப்பார். ஒரு ஒயர் மக்கர் செய்தால் மொத்தமும் ஊமை. ஒரு ஹோட்டல் விருந்தில் அப்படித்தான் ஆயிற்று. மாப்பிள்ளை மேடையில் மண்டியிட்டு ஒயரைத் தேட, பாவம் அவர் மனைவி ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடிச் சமாளித்தாள்.

"என்ன மாப்ள, கடை பரப்புறீங்க? எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சு மல்டி எஃபெக்ட்ஸ்னு விக்கிறான். அத வாங்குங்க. இல்லேன்னா கீபோர்டுக்காரனே கிதாரையும் பாத்துக்கட்டும்" என்றார் தலைவர்.

தங்கை புருஷனாயிற்றே என்று முகதாட்சண்யம் பார்க்கிற ஆளில்லை அவர். மாப்பிள்ளைக்கோ கிதாரை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. பெடல்களை விற்றார், பெட்டியை வாங்கினார். வீட்டில் கைக்குழந்தை தூங்குமே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஒரு சத்தமாக அதில் சேமித்து வைத்தார்.

"பாத்தியா சவுண்டு, ஒத்த ஒயர்!" என்று அடுத்த விருந்துக்கு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

முதல் பாட்டிலேயே சிரிப்பு போயிற்று. ஹெட்போனில் தேனாய் இருந்தது, டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் கொசு முனகலாகிவிட்டது. நான் ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் ஏறியது. தலைவர் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து முறைத்தார்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் ஓடினேன். "ஹெட்போன்ல செட் பண்ணீங்களா?"

"புள்ள தூங்குதேப்பா!"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாப் பாட்டையும் மறுபடி சரிசெய்ய நேரமேது? கடைசியில் கிதார் பையைத் துழாவி, விற்க மனசு வராத அந்தக் கரகரப்புப் பெடலை எடுத்தார். அதை ஸ்பீக்கர் மறைவில் வைத்து, கிதாரை அதன் வழியே நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன்.

"இந்தப் பெட்டிய என்ன பண்றது?" என்றார் மாப்பிள்ளை.

"கரண்ட் மட்டும் குடுங்க" என்றாள் பாடகி. "பாட்டுக்குப் பாட்டு மிதிங்க. விளக்கு மாறினா போதும், அண்ணனுக்கு."

இரண்டாம் பாதியில் கிதார் கிதாராகக் கேட்டது. எதிலும் சேராத பெட்டியை மாப்பிள்ளை மிதிக்க, சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மனுஷன் அவ்வளவு நன்றாக வாசித்தார்.

வேனில் தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல? என்னா பெட்டிடா! இனிமே எந்த மேடையா இருந்தாலும் அது இல்லாம ஏறக் கூடாது." வாசித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை மனைவி பக்கம் சாய்ந்தார். "பெட்டிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. எனக்கு?"

"அத மிதிக்க ஒரு ஆள் வேணுமில்ல?" என்றாள் அவள்.