நாலு துப்பாக்கி வைத்த பந்தய விமானம்

விமானம் என்றாலே கனகரத்தினம் அண்ணனுக்கு ஆகாது. யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூற்றைந்தில் குண்டுவீச்சில் ஒரே மகள் கஜந்தினியைப் பறிகொடுத்தவர். அஜ்மானில் எங்கள் படகுப் பட்டறைக்கு மேல் விமானம் இரைந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் ஓயும்வரை சுவரைப் பார்த்து நிற்பார். நான் செல்வசிங், குளச்சல்காரன், அந்தப் பட்டறைக்கு ஃபோர்மேன், அவருக்கு ரூம்மேட். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த ஒன்றை மட்டும் நான் கேலி செய்ததில்லை.

அவரையே விமானம் செய்ய வைத்தவனும் நான்தான்.

ஓர் அரபிக்குத் தன் காட்சிக்கூடத்தில் வைக்கப் பழைய பிரெஞ்சுப் பந்தய விமானம் ஒன்று முழு அளவில் வேண்டும். பறக்க வேண்டாம், பார்க்க லட்சணமாக இருந்தால் போதும். 1934-ல் பந்தயம் ஜெயித்த கோத்ரோன் கம்பெனி விமானம். ஒற்றை அடுக்கு இறக்கை, சின்ன எஞ்சின், உடம்பெல்லாம் மரமும் ப்ளைவுட்டும். மரம் என்றால் எங்கள் பட்டறையில் அண்ணனை விட்டால் ஆள் கிடையாது.

"என்னால ஏலாது தம்பி."

"அண்ணே, இது பந்தயத்துக்குள்ளது. குண்டும் கெடையாது, துப்பாக்கியும் கெடையாது. பறந்து ஜெயிக்க மட்டும் செஞ்சது. நான் சொல்லுகேன்லா?"

என் வாக்கை நம்பி இறங்கினார். ஏழு மாதம். இறக்கை விளிம்பை உள்ளங்கையால் தடவித் தடவித்தான் இழைப்பார். நீலம் பூசி முடித்த அன்று தள்ளி நின்று பார்த்து, "வடிவா இருக்கு, என்ன?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எதையும் வடிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. மனுஷன் ஒருவழியாக ஆறிவிட்டார் என்று எனக்குள் பெருமை வேறு.

மறுவாரம் மேனேஜர் ரகுநாதன் ஒரு படத்தோடு வந்தார். "அர்பாப், அதான் அந்த அரபி மொதலாளி, மனசு மாறிட்டாரு. போர் விமானமா வேணுமாம். இதே வம்சந்தான். இறக்கைல நாலு துப்பாக்கி, மேல பச்சை பெயிண்ட், அவ்வளவுதான், கலாஸ்."

படித்துப் பார்த்தேன், உண்மைதான். போர் நெருங்கியதும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பந்தய விமானத்தின் வழியிலேயே மலிவாக ஒரு போர் விமானம் செய்திருக்கிறார்கள். அதே மரம், அதே ஒல்லி உடம்பு. நான் கொடுத்த வாக்கு நான் பிறப்பதற்கு முன்பே பொய்யாகியிருந்தது.

அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், தனியாகப் பட்டறையைத் திறந்து இறக்கையில் துளை போட ஆரம்பித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல் துளையிலேயே ப்ளைவுட் பிசிறிக் கிழிந்தது.

"பின்னால கட்டை குடுத்தெல்லோ துளைக்கோணும்."

வாசலில் அண்ணன். ரூமில் என்னைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். மேசையில் கிடந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. ட்ரில்லை என் கையிலிருந்து வாங்கி, கிழிசலைச் சரிசெய்து, மீதித் துளைகளையும் அவரே சுத்தமாகப் போட்டார்.

பிறகு விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஏழு மாதத்தில் ஒருநாளும் அதில் உட்காராதவர். எட்டிக் கீழே பார்த்தார்.

"தம்பி, மேல போறவனுக்குக் கீழ நிக்கிற பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சட்டை தெரியுமோ? வெள்ளைச் சட்டை?"

தெரியும் என்றால், கண்டுதான் குண்டு போட்டான் என்று ஆகும். அதை அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல?

"தெரியாது அண்ணே. அவ்வளவு ஒசரத்துல எறும்பளவுகூடத் தெரியாது. அவனுவ பாத்திருக்கவே மாட்டானுவ," என்று அடித்துச் சொன்னேன்.

அவர் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பிள்ளையிட்டச் சொன்னனான். பிளேன் வந்தா பங்கர் குழிக்குள்ள ஓடாதை, வெளியில நில், வெள்ளைச் சட்டையைக் கண்டா பள்ளிக்கூடப் பிள்ளை எண்டு விட்டிட்டுப் போயிடுவான் எண்டு. மற்றப் பிள்ளையள் பங்கருக்குள்ள ஓடித் தப்பிட்டுதுகள். இவள் நான் சொன்ன மாதிரியே நிண்டவள்."

"இல்ல அண்ணே, தெரியும்! நல்லாத் தெரியும்! நான் சும்மா சொன்னேன்!" என்று கத்தினேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"நீர் முதல் சொன்னதுதான் உண்மை, என்ன தம்பி?"