அண்ணியின் கைப்பக்குவம்

அவர் மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறவர். மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறிய மனைவி, குழந்தைக்குத் தலை நின்றதும் வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது. பல் முளைக்கட்டும் என்றாள். இப்போது பேரன் வீடு முழுக்க ஓடுகிறான். அவள் வருகிற பேச்சைக் காணோம்.

சோறும் ஒரு குழம்பும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் சாயங்காலம் டீ வரும்போதுதான் தர்மசங்கடம். ஆளாளுக்கு வீட்டு டப்பாவைத் திறப்பார்கள். இவர், "வயிறு சரியில்ல" என்று கண்ணாடித் தூளைத் துடைக்கப் போய்விடுவார்.

ஒருநாள் நாக்கு அடங்கவில்லை. மனைவி டீக்குப் பொரிக்கும் கச்சோரி வேண்டும் போலிருந்தது. பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து, சோம்பும் மிளகாய்த்தூளும் போட்டு வதக்கி, மைதா மாவுக்குள் வைத்து மூடி எண்ணெயில் போட்டார். படபடவென்று வெடித்தது. பருப்பெல்லாம் வெளியே வந்து எண்ணெய் கறுத்துவிட்டது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"பூரணம் ஈரமா இருந்தா வெடிக்காம என்ன செய்யும்? உதிரியா வர்ற வரைக்கும் வறுக்கணும். தீயைக் குறைச்சு வைங்க. அவசரப்பட்டா மேல சிவக்கும், உள்ள மாவா இருக்கும்." பின்னால் குழந்தை வீறிட்டது. "ஐயோ, விழுந்துட்டான்!" போன் கட்டாகிவிட்டது.

சில வாரம் அடுப்போடு மல்லுக்கட்டியதில் கை பழகியது. உருண்டையை உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, ஓரம் மெல்லிசாகவும் நடு கொஞ்சம் கனமாகவும் தட்டினால் எண்ணெயில் தானே உப்பி எழும்பும். அப்படி எழும்பிய அன்று காட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. டப்பாவில் அடுக்கிப் பட்டறைக்கு எடுத்துப்போனார்.

பக்கத்து மேஜையில் ஃபிரேம் மாட்டுகிற நண்பர் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை விரித்தார். "யோவ்! அண்ணி வந்துட்டாங்களா?"

"ம்" என்றார் இவர். வாயில் கச்சோரி இருந்தது. அதை முழுங்கிவிட்டு மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

"கைப்பக்குவம்னா இதுதான்யா. இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாது."

அந்த "ம்" அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி என்றார்கள். தைலம் தேய்ச்சுவிடறேன் என்றார். பட்டறை மூடும் நேரம், "லேட்டானா வீட்ல திட்டுவா" என்று எல்லோருக்கும் முன்னால் செருப்பை மாட்டினார். வெளியே வந்து, எந்த அவசரமும் இல்லாமல் பஸ்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு நின்றார். பொய்தான். ஆனாலும் அதைச் சொல்லும்போது மனசுக்கு இதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கையில் மாவோடு கதவைத் திறந்தார். நண்பரும் அவர் மனைவியும் பழப்பையோடு நின்றார்கள்.

"அண்ணியைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"கடைக்குப் போயிருக்கா. வந்துருவா. உட்காருங்க."

நண்பர் டிவியைப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி, "நீங்க ஏண்ணே கஷ்டப்படறீங்க, தள்ளுங்க" என்று சமையலறைக்குள் வந்தாள். பாத்திரக் கூடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலுக்கு வெளியே கொடியில் சட்டைகள் மட்டும். பாதி உருட்டிய மாவைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள்.

"பூரணம் நீங்க வச்சதா அண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவர் அடுப்பைக் குறைப்பதுபோல் குனிந்துகொண்டார். அவள் மேலே எதுவும் கேட்காமல் மாவைக் கையில் எடுத்தாள். இருவருமாகப் பொரித்து முடித்தார்கள். டீ குடித்து, விளக்கு வைக்கும் நேரம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது வாசலில், "அண்ணியைக் கேட்டதா சொல்லுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து நண்பர் அண்ணி பேச்சை எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. அவர் கொண்டுபோனதை முன்போலவே பாராட்டிச் சாப்பிட்டார்கள், யார் செய்தது என்பதை மட்டும் தொடாமல். அந்த நாகரிகம் அவருக்குத் தாங்கவில்லை. "வயிறு சரியில்ல" என்று சொன்ன நாட்களே தேவலை என்று இருந்தது.

இருப்புக்கொள்ளாமல் ஒரு சாயங்காலம் மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குத் தைலம் வேற தேய்ச்சீங்களாக்கும்!" பிறகு சிரிப்பு நின்றது.

"ஊருக்கெல்லாம் நான் வந்துட்டேன்னு சொன்னீங்க. என்கிட்ட ஒரு தடவை வான்னு சொன்னீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குளிரைப் பற்றி, பருப்பு வறுக்கிற பதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"நீயா வருவேன்னு இருந்தேன்."

"நானும் நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் இருந்தேன். கூப்பிடாத வீட்டுக்கு என்னன்னு வர்றது?"

"வா" என்றார். மறுபடியும் சொன்னார்.

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணு வேலைக்குப் போறா. இவனை யார்கிட்ட விடறது?" என்றாள் அவள். "பேசிட்டுச் சொல்றேன். உடனேன்னு நினைச்சுக்காதீங்க."

"சரி."

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்" என்றார். போனை வைத்துவிட்டு, சோற்றுக்கு அரிசி களையப் போனார்.